அவர் எறிவார், நான் வருந்துவேன்

திருமழிசைத் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் பார்சல் கிடங்கில், பொருட்களை உடைப்பதற்கு ஒருவரும் உடைந்ததற்காக வருத்தப்படுவதற்கு ஒருவரும் இருந்தோம். உடைப்பவர் அவர். வருத்தப்படுகிறவன் நான். இரண்டு வேலையையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் கம்பெனிக்கு மிச்சம்தானே என்று ஒருமுறை அவரிடமே சொன்னேன்.

"ஒடைக்கறவன் வர்த்தப்பட்டுகினு நின்னா வேல நடக்குமா நைனா? அதுக்குத்தான் உன்ன படிக்க வெச்சி இட்டாந்துகீறாங்க" என்றார்.

நான் பொறியியல் படித்ததற்கு இதைவிடச் சரியான காரணத்தை என் அப்பாகூடச் சொன்னதில்லை.

என் வேலை எளிது. ஆவடியில் ஒருவருக்கு மிக்சி ஜாடி விரிசலோடு போய்ச் சேரும். அவர் திட்டி எழுதுவார். 'தங்களுக்கு நேர்ந்த சிரமத்திற்கு மனப்பூர்வமாக வருந்துகிறோம்' என்று நான் பதில் போடுவேன். பீங்கானுக்கு ஒரு வருத்தம், மின்சாதனத்துக்கு ஒரு வருத்தம், கொலு பொம்மைக்குக் கொஞ்சம் பக்தி கலந்த வருத்தம் என்று தனித்தனியாகத் தயாரித்து வைத்திருந்தேன். கொரட்டூரில் எங்கள் வீட்டில் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கைதவறிப் போட்டபோது, பழக்கத்தில் மனைவியிடமும் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். ரொம்ப நாள் அவள் என்னை 'வருந்துகிறோம்' என்றுதான் கூப்பிட்டாள். "வருந்துகிறோம், கேஸ் தீர்ந்துபோச்சு, புக் பண்ணுங்க."

அவர் சுமை ஏற்றி இறக்கும் ஆட்களுக்குத் தலைவர். ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. கைகள் மட்டும் வேறு யாரிடமோ வாங்கி மாட்டியதுபோல நீளமாக இருக்கும். கிடங்கில் எல்லோருக்கும் அவர் அண்ணாத்தே. நான் தென்காசிப் பக்கத்து ஆள். முதல் நாள் மரியாதையாக "அண்ணாச்சி" என்றேன்.

"இன்னாது, அண்ணாச்சியா? நான் இன்னா மளிக கடையா வெச்சிகீறேன்?" என்று கேட்டவர், "இந்தா, புட்சிக்கோ" என்றார்.

ஒரு ஹெல்மெட் காற்றில் வந்துகொண்டிருந்தது. இரண்டு கைகளையும் அகல விரித்து, அதைத் தாடையால் பிடித்தேன்.

அவர் எதையும் யார் கையிலும் கொடுத்து நான் பார்த்ததில்லை. எறிவார். வண்டிச் சாவி, பிஸ்கட் பாக்கெட், டேப் ரோல், என் அடையாள அட்டை, எல்லாம் பறந்துதான் வரும். பேச்சும் அப்படித்தான். கேள்வி கேட்டுவிட்டு நாம் வாயை மூடுவதற்குள் பதில் முகத்தில் வந்து விழும். லாரி பின்பக்கமாக வந்து மேடையை ஒட்டி நிற்கும். கதவு திறந்ததும் இவர் அந்த இரும்புப் பெட்டிக்குள் போய்விடுவார். வெளியே பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளேயிருந்து அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாகப் பறந்து வந்து பெல்ட்டில் உட்காரும். ஒரு லாரி காலியானால் அடுத்தது வந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் உள்ளே போகிறவர் தகரத்தையும் அட்டையையும் தவிர வேறெதையும் பார்க்காமல் சாயங்காலம் வெளியே வருவார். வெளியே மழை பெய்ததா என்று என்னைக் கேட்பார். என் அறைக்கும் ஜன்னல் கிடையாது. "தெரியலையே அண்ணாத்தே" என்பேன். இரண்டு பேரும் மேலே தகரக் கூரையைப் பார்ப்போம்.

உடையக்கூடிய பொருள் என்பதற்கு அடையாளமாக அட்டைப்பெட்டியில் ஒரு கண்ணாடிக் கோப்பை படம் போட்டிருக்கும் அல்லவா, அதில் அவருக்குப் பெரிய ஏமாற்றம். "எல்லா பொட்டிலயும் கிளாஸு படம் போட்டுகீறான். ஒரு பொட்டிலயாவது சரக்கு கீதா?" என்று கேட்டுக்கொண்டே எறிவார்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பார்சல் வரும். நூல் சுற்றிக் கட்டிய சாம்பார் பாக்கெட்டுகளை மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரைக்கும் எறிந்துதான் பங்கு வைப்பார். ஒன்றுகூட உடைந்ததில்லை. எனக்கு அது பெரிய புதிராக இருந்தது.

"எவர்சில்வர் குக்கர் நசுங்குது. சாம்பார் பாக்கெட் உடையல. எப்படி அண்ணாத்தே?"

"சாம்பாரு நம்பள்து நைனா."

ஏன் இப்படி எறிகிறீர்கள், மெதுவாக வைக்கலாமே என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் ஓர் அரிசி மூட்டையை என் கையில் வைத்தார். 'வைத்தார்' என்றால் எறிந்தார் என்று எடுத்துக்கொள்ளவும். "கையிலயே வெச்சிகினு நில்லு. கனம் ஏறுதா? இப்ப வுடு. எங்க போச்சி கனம்? அவ்ளோதான் மேட்டரு" என்றார். நான் விட்டேன். கனம் என் கால் கட்டைவிரலுக்குப் போயிருந்தது.

அதற்குமேல் நான் அவரைத் தடுத்ததில்லை. அவர் எறிவதை நிறுத்திவிட்டால் நான் எதற்கு வருந்துவது? அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா, ஆளுயர நிலைக்கண்ணாடி வாங்கியவர், போன் செய்து, "ஒரு கண்ணாடிதான் கேட்டேன் தம்பி, ஒரு பெட்டி நிறைய அனுப்பியிருக்கீங்க" என்றார். சிரித்துவிட்டேன். பிறகு வருந்தினேன்.

எனக்கு அவர்மேல் ஒரு சங்கடம் உண்டானது அத்தர் விஷயத்தில்தான்.

பூந்தமல்லியில் அத்தர் கடை வைத்திருந்த ஒரு பாய், ரம்ஜானுக்கு முன்னால் வெளியூர்க் கடைகளுக்கு அனுப்பிய பெட்டி அது. பெல்ட்டில் போய் உட்காராமல் அதன் விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. அடுத்த நிமிடம் கிடங்கு முழுவதும் கல்யாண மண்டபம் போல மணத்தது. டீசல் நாற்றம், ஆட்களின் வியர்வை, என் சாப்பாட்டு டப்பா எல்லாம் மல்லிகை வாசம். அன்று கிளம்பிய பார்சல்கள்கூட மணத்துக்கொண்டே போயின. செருப்பு வாங்கிய ஒருவர் 'நறுமணத்துடன் அனுப்பியதற்கு நன்றி' என்று எழுதினார். என் வேலைக்காலத்தில் எனக்கு வந்த ஒரே நன்றி அது.

பாய் நேரிலேயே வந்துவிட்டார். நான் எழுந்து நின்று, தயாராக வைத்திருந்த வருத்தத்தை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். "நீங்க இல்ல தம்பி. எறிஞ்சவரப் பாக்கணும்."

அண்ணாத்தே வந்தார். "நான்தான் பாய் எறிஞ்சேன்" என்றார். மழுப்பவில்லை. அந்தக் கம்பெனியில் யாரும் 'நான்தான்' என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை; எங்கள் மெயில்களில்கூட 'நாங்கள்' மட்டும்தான்.

பாய் அவர் சட்டையருகே குனிந்து மூச்சை இழுத்தார். "மல்லியும் சந்தனமும் கலந்துபோச்சு. இப்படி ஒண்ணு நானே சேத்ததில்ல. நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "பெருநாளுக்குக் கேட்டு வெச்ச ஆளுங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? எறியும்போது எங்க நெனப்பு கொஞ்சம்கூட வராதா உங்களுக்கு?"

"பொட்டியில மூஞ்சி இல்லியே பாய்" என்றார் அண்ணாத்தே.

கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அதுதான் கஷ்டம் என்பதுபோலச் சொன்னார். பாய் திரும்பிப் போய்விட்டார். அன்று மாலைவரை அண்ணாத்தே எறிந்த பெட்டிகளில் வேகம் குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றியது. மறுநாள் பழைய வேகம் வந்துவிட்டது. பெல்ட் யாருக்காகவும் நிற்பதில்லை.

பாய் தலைமை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். கொஞ்ச நாளில் எங்கள் மேனேஜர் அண்ணாத்தேயை அழைத்தார். மேனேஜர் சின்னப் பையன், ரொம்ப மரியாதைக்காரர். அவர் யாரையாவது 'ஐயா' என்று கூப்பிட்டால் அந்த ஆளுக்கு ஏதோ நடக்கப்போகிறது என்று அர்த்தம்.

"ஐயா, இது புது ஸ்டிக்கர். பெட்டியில ஒட்டிடுவோம். பெட்டி எங்கயாவது பலமா அடிபட்டா இந்த வெள்ளை சிவப்பா மாறிடும். அப்புறம் வெள்ளையாகாது."

அண்ணாத்தே அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "பொட்டிக்குப் பொட்டு வெக்கிறீங்களா சார்?"

"ஒரு வண்டி முழுக்க இதை ஒட்டி, நீங்க ஏத்தி, அம்பத்தூர் சென்டருக்கு அனுப்பப்போறோம் ஐயா. எல்லாம் வெள்ளையா போய்ச் சேரணும். ஒண்ணு சிவப்பானாலும் வேற ஆள் போடச் சொல்லி கான்ட்ராக்டருக்கு எழுதச் சொல்லியிருக்காங்க."

வெளியே வந்ததும் அவர் என்னைத் தண்ணீர் டிரம் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். அவருடைய மகள் பூந்தமல்லியில் நர்சிங் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத பெண். "அது படிச்சி முடிக்கற வரைக்கும் தள்ளிட்டா போதும் நைனா. இந்த வயசுல வேற எவன் என்ன வேலைக்கு எட்துப்பான்?" என்றார். அவர் குரலில் கெஞ்சலைக் கேட்டது அன்றுதான். "வருந்துகிறோம்" என்று வாயில் வந்ததை விழுங்கினேன்.

அந்த வண்டியை அவர் தனியாக ஏற்றினார். பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு கைகளாலும் ஏந்தி, மார்போடு சேர்த்து, அடிமேல் அடி வைத்து உள்ளே போய், மண்டிபோட்டு இறக்கினார். கை தானாகப் பின்னால் போய் எறிவதற்குத் தயாராகும். பல்லைக் கடித்து அதை முன்னால் கொண்டுவருவார். வியர்வை ஊற்றியது. மற்ற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"அண்ணாத்தே, கொயந்த முயிச்சிக்கப் போவுது, மெதுவா!"

"அப்டியே ஒரு தாலாட்டு பாடு!"

"சிரிங்கடா, சிரிங்க. நாளைக்கு உங்களுக்கும் பொட்டு வெக்கிறானுங்க, பாத்துகினே இருங்க" என்றார், பெட்டியை இறக்காமல்.

ஏற்றி முடிந்ததும் நான் உள்ளே போனேன். கிளம்பும்போது எல்லாம் வெள்ளையாக இருந்தன என்பதற்கு நான் படம் எடுத்து வைக்க வேண்டும். அதற்காக ஆபீஸ் டேப்லெட் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். கிடங்கு வைஃபையை விட்டு வெளியே போனால் அது வெறும் கண்ணாடிப் பலகை. எங்கள் போன்களை வாசலிலேயே செக்யூரிட்டி வாங்கி வைத்துக்கொள்வார். மூலையில் அடிவரிசையில் ஒரு ஸ்டிக்கர் தெரியவில்லை. இருவரும் பெட்டிகளுக்குப் பின்னால் குனிந்து, அவர் மேல்பெட்டியைச் சற்று நகர்த்திப் பிடிக்க, நான் எடுத்தேன். அதுதான் கடைசிப் படம்.

இங்கே எங்கள் கிடங்கு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுமை ஏறி முடிந்தால் வண்டியின் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு அறை. கேட்டதும் செக்யூரிட்டி கதவைச் சாத்திப் பூட்டி சீல் வைப்பார். கதவுச் சத்தம் கேட்டதும் டிரைவர் வண்டியை எடுப்பார். யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எட்டிப் பார்க்க நேரம் இருந்தால் பெட்டிகளை எறிய வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இத்தனை வருடப் பழக்கம். கடைசிப் பெட்டியும் வெள்ளை என்று கண்டதும் அவர் நிமிர்ந்து, திருப்தியோடு தகரத்தில் இரண்டு அறை அறைந்தார்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முயன்றோம். இருட்டில் முகம் இல்லை.

"யோவ்! தொற! ஆளு கீது!" என்று அவர் கத்தினார். இருவருமாகச் சேர்ந்து தகரத்தில் டமடமவென்று அடித்தோம். வண்டி கிளம்பியது. இன்னும் ஓங்கி அடித்தோம். வண்டி வேகமெடுத்தது.

"அடிக்காத, அடிக்காத!" என்று அவர் என் கையைப் பிடித்தார். "ரெண்டு தட்டுனா போன்னு அர்த்தம். நாம தட்டத் தட்ட அவன் போறான். ஒரு தட்டு தட்டுனாத்தான் நிப்பான்."

ஒரே ஒரு அறை விட்டார். கொஞ்ச தூரம் போய் வண்டி நிஜமாகவே ஓரம்கட்டி நின்றது. டிரைவரின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால் ஹாரன்கள் காது கிழிய ஒலித்தன. பூந்தமல்லி மெட்ரோ வேலை நடக்கும் இடமாக இருக்க வேண்டும், பாதி ரோடு பள்ளம். காலடிச் சத்தம் எங்கள் பக்கம் வந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில், "இங்கதான் இருக்கோம்! இங்கதான்!" என்று தகரத்தில் மாறி மாறி அடித்துவிட்டேன்.

காலடி நின்றது. "சரிப்பா, எடுக்கறேன் எடுக்கறேன்" என்று யாருக்கோ ஒரு இளங்குரல் பதில் சொன்னது. கதவு அறைந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

இருட்டில் அண்ணாத்தே என் கைகளைத் தகரத்திலிருந்து எடுத்துவிட்டார். பிறகு, "நைனா, நீ அந்த மெயிலு எயுதற வேலைய வுட்டுறாத. ஒனக்கு அது ஒண்ணுதான் வரும்" என்றார்.

உள்ளே அடுப்புபோல இருந்தது. டேப்லெட் வெளிச்சத்தில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை நின்றன. ஏதோ ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி விழுந்தது. மேல்வரிசையில் ஒரு பெட்டி நகர்ந்து, யோசித்து, எங்கள் முன்னால் தலைகுப்புற வந்து விழுந்தது. வெளிச்சத்தை அதன்மேல் பிடித்தேன். வெள்ளை ஸ்டிக்கரில் வெற்றிலை எச்சில்போலச் சிவப்பு பரவிக்கொண்டிருந்தது.

அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் அத்த எறியல நைனா."

"தெரியும் அண்ணாத்தே."

"கொயந்த மாரி வெச்சேன். நீ பாத்தல்ல?"

"பாத்தேன்."

அடுத்த பள்ளம் வந்தது. மேலே இன்னும் இரண்டு பெட்டிகள் நகர்ந்தன. அவர் குதித்து எழுந்து, இரண்டு கைகளையும் விரித்து, அந்த அட்டைச் சுவரோடு மார்பை ஒட்டிக்கொண்டார். என் கை தகரத்துப் பக்கம் போனது. இந்த முறை ஒரே ஒரு தட்டு, ஒழுங்காக, என்று முடிவுசெய்திருந்தேன்.

"தட்டாத" என்றார். "அவன் பிரேக்கு போட்டா எல்லாம் சரிஞ்சிரும். வா, இந்தப் பக்கம் வந்து புடி."

"மூச்சு முட்டுதே அண்ணாத்தே."

"முட்டட்டும். புடி."

பிடித்தேன். எனக்கு ஒரு பக்கம், அவருக்கு மூன்று பக்கம். ஒவ்வொரு திருப்பத்திலும் மொத்தச் சுமையும் எங்கள்மேல் வந்து சாய்ந்து, திரும்பப் போனது. ஒருமுறை ஒரு பெட்டியின் மூலை என் மூக்கைத் தாக்கியது. என் மூக்கில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் நல்ல சிவப்பு காட்டியிருக்கும்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றார் அவர், கன்னத்தை அட்டையில் ஒட்டியபடி. "இத்தினி வருசமா ஒடைஞ்சதெல்லாம் நான் எறிஞ்சி ஒடைஞ்சிதா? இவனுங்க ஓட்டி ஒடைஞ்சிதா?"

"யாருக்குத் தெரியும்?"

"நீ இன்னான்னு எயுதுவ மெயில்ல?"

"போக்குவரத்தின்போது ஏற்பட்ட சேதம்னு எழுதுவேன்."

"அதுல நான் எங்க கீறேன்?"

"நீங்க இல்ல. யாருமே இல்ல."

"பாயாண்ட நான் பொட்டியில மூஞ்சி இல்லன்னு சொன்னேன். நமக்கும் இல்லியா அப்போ" என்றார். சிரித்தமாதிரி ஒரு சத்தம் வந்தது. இருட்டில் அது சிரிப்புதானா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வண்டி ஒருவழியாக நின்று கதவு திறந்தபோது வெளிச்சம் அடித்துக் கண் கூசியது. அம்பத்தூர் ஆட்கள் அலறிப் பின்வாங்கினார்கள். "டேய், உள்ள ஆளு கீதுடா! திருடன்டா!" அண்ணாத்தே கையை எடுக்கவில்லை. "திருடன் இல்ல, ஸ்டாஃபு. மொதல்ல மேல் வரிசைய எறக்கு. எறியாத, எறக்கு" என்றார். அவர்கள் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். பாரம் முழுவதும் போன பிறகும் அவருடைய கைகள் அப்படியே விரிந்து நின்றன. மடக்க வரவில்லை. நானும் அந்த டிரைவர் பையனுமாக மெதுவாக மடக்கிவிட்டோம். "அண்ணா, நீங்க போன்னு தட்டுனீங்க, நான் போனேன்ணா" என்று பையன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனை அவர் திட்டவில்லை.

விழுந்த அந்த ஒரு பெட்டி மட்டும் சிவப்பு. மற்றவை எல்லாம் வெள்ளை.

ஒன்று சிவப்பானாலும் வேலை போய்விடும் என்பது விதி. தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வரும்வரை அவர் தினமும் என் அறை வாசலில் வந்து தலையை நீட்டுவார். "வந்துச்சா?" "இல்ல அண்ணாத்தே." மறுபடி போய் இரும்புப் பெட்டிக்குள் நுழைவார். அந்த நாட்களில் அவர் எறியவும் இல்லை, ஒழுங்காக இறக்கவும் இல்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றுவிடுவார். பெல்ட் காலியாக ஓடும்.

கடைசியில் மேனேஜர் இருவரையும் அழைத்தார். முகமெல்லாம் மகிழ்ச்சி. "ஐயா, உங்களுக்கு வேலை இருக்கு! இதுவரைக்கும் எந்த வண்டியும் இவ்வளவு நல்லா போய்ச் சேர்ந்ததில்லையாம். உள்ள ஆள் நின்னு பிடிச்சா சேதம் குறையுதுன்னு தலைமை அலுவலகம் கண்டுபிடிச்சிருக்காங்க. அதனால உடையற சாமான் போற வண்டியில இனிமே நீங்க உள்ளயே போறீங்க."

அண்ணாத்தே என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"உள்ளயேன்னா? கதவு சாத்திகினா சார்?"

"சாத்தித்தான் ஆகணும் ஐயா. சீல் வைக்கணுமே."

"தாப்பா உள் பக்கமா வெளிப் பக்கமா?"

"வெளியதான். உள்ள வெச்சா பாதுகாப்பு இல்லன்னு சொல்லுவாங்க."

"என் மேல பொட்டு ஒட்டுவீங்களா?"

மேனேஜருக்கு நகைச்சுவை புரியாது; அது நகைச்சுவையும் இல்லை. "அது எதுக்கு ஐயா? பெட்டியால சொல்ல முடியாது, அதனால ஒட்டறோம். உங்களுக்கு ஒண்ணுன்னா நீங்களே சொல்லிடலாமே."

"யாராண்ட சார் சொல்றது? உள்ளருந்து தட்டுனா வண்டிதான சார் போவுது."

மேனேஜர் பேனாவைத் திறந்து மூடினார். யோசித்துச் சொல்லுங்கள், இன்று சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

சாயங்காலம்வரை அவர் காத்திருக்கவில்லை. நேராக வாசலுக்கு நடந்தார். நான் அரை மணி நேரம் அனுமதி கேட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன். மகளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, "தெர்ல" என்றார். நெடுஞ்சாலை நிறுத்தத்தில் நல்ல வெயில். பூந்தமல்லி போகும் பஸ் வந்தது, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு வைத்த பஸ். அவர் படியில் ஏறி நின்றுகொண்டார்.

"உள்ள போ பெர்சு, கதவு மூடணும்" என்றார் கண்டக்டர்.

"நான் இங்கியே நிந்துக்கறேனே."

"நீ உள்ள போனாத்தான் வண்டி எடுக்க முடியும்யா."

அவர் இறங்கிவிட்டார். அடுத்த பஸ்ஸுக்கும் அதேபோலக் கதவு. அதிலும் ஏறி, எட்டிப் பார்த்து, இறங்கினார். எல்லாப் பஸ்ஸுக்கும் இப்போது கதவு இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேற வேல கெடைக்கும் அண்ணாத்தே" என்று மட்டும் சொன்னேன். நான் எழுதிய எந்த மெயிலைவிடவும் மோசமான வாக்கியம்.

ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. உள்ளே ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் பக்கத்தில், பாதி சீட்டில், ஒரு காலை வெளியே தொங்கவிட்டு அவர் உட்கார்ந்துகொண்டார். "கால உள்ள இட்டுக்கோ அண்ணாத்தே, லாரி வந்துகினு கீது" என்றார் டிரைவர்.

"அத்த நான் பாத்துக்கறேன். நீ ஓட்டு."

ஆட்டோ போனது. தூசிக்குள் அந்தக் கால் மட்டும் கொஞ்ச தூரம்வரை தெரிந்தது. நான் திரும்பி நடந்தேன்.

வாசலில் செக்யூரிட்டி கேட்டைப் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "இன்னா சார், பர்மிஷன் முடிஞ்சிதா? சீக்கிரம் உள்ள வாங்க, சாத்தணும்."

போனேன்.